பிடிமண்ணுக்குக் குறி இல்லை

என்னால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார முடியாது. ஆனால் எனக்கு வாய்த்ததோ உட்கார்ந்தே செய்ய வேண்டிய பிழைப்பு. ஈப்போவில், சிலிபின் பகுதியில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் அலுவலகம். டயர் கடை, கேட்டரிங், தைப்பிங்கில் ஒரு பல் டாக்டர் என்று சின்னச் சின்ன ஆட்களுக்கு வலைப்பக்கம் செய்து கொடுக்கிறேன். இரண்டு வரி எழுதுவேன், எழுந்து போய்த் துணி மடிப்பேன், திரும்பி வந்து மூன்றாவது வரி. "கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டவ மாதிரி ஏன் இப்படி அலையிற?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பதில் சொல்வதற்குள் நான் அடுப்படிக்குப் போயிருப்பேன்.

வேலை என்னவென்றால், பக்கத்தை மனிதர்களுக்கு எழுதுவதோடு இயந்திரத்துக்கும் எழுத வேண்டும். "ஞாயிறு கடை இல்லை" என்று போட்டால் மனிதருக்குப் புரிந்துவிடும். தேடித் தருகிற இயந்திரத்துக்கு அது வெறும் எழுத்துக் குவியல். அதனால் பக்கத்தின் உள்ளே, பார்ப்பவர் கண்ணில் படாத இடத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி ஒட்டுவோம். இது கடையின் பெயர், இது திறக்கும் நேரம், இது ஆள், இது இடம், இது நிகழ்ச்சி. அந்தக் குறிகளுக்கென்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு சொல்தொகுதி இருக்கிறது. அதில் உள்ளதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாமாக ஒன்றை உண்டாக்கி ஒட்டினால் இயந்திரம் சட்டை செய்யாது. சரியாக ஒட்டிவிட்டாலோ, யாராவது தேடும்போது பெயர், படம், நேரம், வழிகாட்டும் பொத்தான் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியாக உச்சியில் வந்து நிற்கும். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டிக்காகத்தான் வருகிறார்கள்.

எங்கள் தோட்டம் ஆயர் தாவாருக்கு அந்தப் பக்கம், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதையில் இருந்தது. நான் பிறந்தபோது கித்தா மரம், அதாவது ரப்பர். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. பிறகு தோட்டம் கை மாறியது, நாங்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்தார்கள், ஆளுக்கொரு திசையில் போனோம். கடைசியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் எடுக்கச் சொன்னார்கள். நீண்ட இழுபறிக்குப் பிறகு ரோட்டை ஒட்டிய ஒரு தாமான், அதாவது புதுக் குடியிருப்பு, ஓரத்தில் துண்டு நிலம் கிடைத்தது. மாரியம்மன் சிலை லாரியில் போனது. கூடவே பழைய கருவறைத் தரையைக் கொத்தி, ஒரு கைப்பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போனார்கள். அதுதான் பிடிமண். சாமி இடம் மாறும்போது பழைய இடத்து மண்ணும் கூடப் போக வேண்டும். போனால்தான் அதுவும் இதுவும் ஒரே கோயில் என்பது எங்கள் கணக்கு.

போன வருடம் திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கோயில் தலைவர் கூப்பிட்டார். ஆயர் தாவாரில் பேட்டரி கடை வைத்திருக்கிறவர். எங்களோடு தோட்டத்தில் வளர்ந்தவர், எனக்கு அண்ணன் முறை.

"தங்கச்சி, நம்ம கோயில போன்ல தட்டுனா பழைய எடந்தான் வருது. புதுசு வரவே மாட்டேங்குது. ஒரு பேஜ் போட்டுக் குடேன்."

தட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பழைய கோயில் இருந்த இடத்தை எப்போதோ யாரோ வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் அதில் படம் படமாகப் போட்டிருந்தார்கள். "சக்தி வாய்ந்த அம்மன்" என்று ஐந்து நட்சத்திரம் வேறு. புதுக் கோயிலை இயந்திரம் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை.

பக்கம் செய்தேன். இது இந்துக் கோயில், இது அதன் முகவரி, இது திருவிழா, இது நாள், பால்குடம் புறப்படும் நேரம் இது என்று ஒன்று விடாமல் குறி ஒட்டினேன். ஒரு வாரம் போயிற்று. தேடினால் இன்னமும் பழைய பெட்டிதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சொல்தொகுதியில் 'ஸேம் அஸ்' என்று ஒரு குறி உண்டு. இந்தப் பக்கத்தில் சொல்லப்படுவதும் அதோ அந்த இடத்தில் இருப்பதும் ஒன்றேதான் என்று இயந்திரத்திடம் அடித்துச் சொல்வது. அதைப் போட்டுவிட்டால் பழையதின் படமும் பேரும் புதியதற்கு வந்து சேரும் என்று நினைத்தேன். போடுவதற்கு முன் தலைவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.

"அண்ணே, பழைய கோயிலும் புதுக் கோயிலும் ஒண்ணுதானே?"

"என்னா கேள்வி இது. பிடிமண் எடுத்துத்தானே கட்டுனோம். ஒண்ணேதான்லா."

போட்டேன். சோதித்துச் சொல்கிற கருவியில் கொடுத்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை, எல்லாம் பச்சை. சில நாளில் பெட்டி உச்சியில் வந்து நின்றது. நான் எடுத்த கோபுரப் படம், நான் எழுதிய திருவிழா நாள், வழிகாட்டும் பொத்தான். தலைவர் அதைத் தோட்டத்து ஆட்கள் இருக்கிற எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார். நான் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்க்கவில்லை. எனக்குத்தான் வழி தெரியுமே.

என் அக்கா ஜொகூரில் இருக்கிறாள். தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டுக் கோபத்தில் பெரிய பங்கு அவளுக்கு, மிச்சம்தான் எனக்கு. அந்த வருடத் தொடக்கத்தில் மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டியது. திருவிழா ஞாயிற்றுக்கிழமை, அறுவை சிகிச்சை அதற்கு அடுத்த வியாழன் என்று நாள் குறித்தார்கள். டாக்டர் முதன்முதலில் சொன்ன அன்றைக்கே அக்கா வேண்டிக்கொண்டாளாம்: கத்தி வைப்பதற்கு முன்னால் நம் ஆத்தாளுக்கு ஒரு பால்குடம். கோயில் மாறிய பிறகு அவள் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. வேலை, பிள்ளைகள், அது இது என்று காலம் போய்விட்டது.

"நா வந்து கூட்டிட்டுப் போறேன்க்கா" என்றேன்.

"நீ காடி ஓட்டுற லட்சணத்துக்கு நா பாதியிலேயே ஆத்தாகிட்ட போய்ச் சேந்துருவேன். நானே வாரேன். அதான் உன் பேஜுல எல்லாம் இருக்கே."

சனிக்கிழமை வந்து, பக்கத்து ஊரான சித்தியவானில் ஒரு தோழி வீட்டில் தங்கினாள். காலையில் அங்கேயே பூசையறையில் குடத்தில் பால் நிறைத்து, மஞ்சள் துணி கட்டி, நேராகக் கோயிலுக்கு வந்து ஊர்வலத்தில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. மருந்து ஏற்றிய உடம்பு என்பதால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு விரதத்தைச் சுருக்கிக்கொண்டாளே தவிர, விடவில்லை. கையில் காப்பும் கட்டியிருந்தாள்.

நான் ஈப்போவிலிருந்து விடியலிலேயே வந்துவிட்டேன். வழியில் நிறுத்தி, நெத்திலி வைத்த தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கோயிலில் மஞ்சள் புடவைகளும் உருமி மேளமுமாக ஒரே கூட்டம். அக்காவைக் காணோம். போன் அடித்தேன், லைன் போகவில்லை. வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். தலைவர் வந்து, "இதுக்கு மேல நிறுத்த முடியாதும்மா, வெயிலு ஏறுது, புள்ளைங்க எல்லாம் வெறுங்காலு" என்றார். மேளம் எழும்பியது, குடங்கள் புறப்பட்டன. மறுபடி போன், மறுபடி இல்லை.

அப்போது ஒரு குடும்பம் வியர்க்க விறுவிறுக்கக் காரிலிருந்து இறங்கியது. வண்டியை ஓட்டி வந்தவர் கோயில் தலைவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னா அண்ணே, மேப்பு செம்பனைக்குள்ள கொண்டு போயிருச்சு. ஜாகாக்காரன் திருப்பி அனுப்பினான்."

என் போனை எடுத்து, நான் செய்த பெட்டியின் வழிகாட்டும் பொத்தானை அன்றுதான் முதல் தடவையாக அழுத்தினேன். நீலக்கோடு ரோட்டைத் தாண்டி, பழைய செம்மண் பாதையில் திரும்பி, இடித்துப்போட்ட கோயிலில் போய் முடிந்தது. புதுக் கோயிலைப் பழையதின் பெயரில் தூக்கி நிறுத்துவதாக நினைத்திருந்தேன். நடந்தது நேர் எதிர். பழைய இடத்துக்குப் புதுப் படமும் புது நாளும் மாட்டிவிட்டிருந்தேன். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது. என் குறியால் ஆனதா, இயந்திரம் தானாகக் கலந்ததா என்று எவராலும் நிரூபிக்க முடியாது. எனக்குத் தெரியும்.

காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். தோட்டத்து முகப்பில் இரும்புக் கம்பி குறுக்கே இருந்தது. காவலுக்கு நின்ற ஜாகா நேப்பாளத்துக்காரர். மஞ்சள் புடவை கட்டிய அம்மா வந்தார்களா என்று மலாயில் கேட்டேன். தலைமேல் இரண்டு கையையும் வைத்துக் குடம்போல் காட்டி, உள்ளே கையை நீட்டினார். சாமி காரியம் என்று விட்டிருக்கிறார். நல்ல மனிதர்.

கோயில் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். அதன்மேல் உர மூட்டைகளை அடுக்கித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். பக்கத்தில் அக்காவின் கார். அக்கா செம்பனை நிழலில், வெறுங்காலில், குடத்தைத் தலையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். முந்தானை நழுவி, முடி இல்லாத தலையில் சும்மாடு மட்டும் தெரிந்தது.

"வந்துட்டியா. எங்கடி கோயிலு?"

"இங்க இல்லக்கா. ரோட்டோரத்துல, தாமான்ல."

"அப்ப இது ஏன் இங்க காட்டுது? நீ போட்ட படந்தானே, நீ போட்ட தேதிதானே? நம்ம பழைய பாதையில திரும்புதேன்னு எனக்கும் சந்தேகம் வந்துச்சு. நீ எழுதினதாச்சே, தப்பா இருக்காதுன்னு உள்ள வந்தேன்."

வேறு எவளாவது சொல்லியிருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன். அவளிடம் கையை நீட்டினேன்.

"குடத்தக் குடுக்கா, நா வெச்சிருக்கேன்."

"தொடாத. நீ காலையிலேயே நெத்திலி தின்னுட்டு வந்துருப்ப."

தின்றிருந்தேன். விரதம் இல்லாத கை பால்குடத்தில் படக்கூடாது. தலையில் ஏற்றிய குடத்தைத் தரையிலும் வைக்கக்கூடாது. வரும்போது முன்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுத்தான் கொண்டுவந்தாளாம். இறங்கித் தலையில் ஏற்றியவள், மேளச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். போனில் லைன் இல்லை. வண்டியில் திரும்ப ஏறினால் ஊர்வலத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்திருக்கிறாள்.

என்ன நடந்தது என்று சொன்னேன். ஸேம் அஸ் என்ற குறியைப் பற்றி, நான் எழுதியதைப் பற்றி. அவள் தலையை அசைக்காமல் கேட்டாள்.

"நீதானே ரெண்டும் ஒண்ணுன்னு எழுதுன. அப்ப இங்க ஊத்துனா ஆத்தாளுக்குப் போயிருமா?"

நெருப்பென்று எழுதினால் தாள் வெந்துவிடுமா? ஒன்று என்று எழுதிவிட்டால் ஒன்றாகிவிடுமா? எழுதும்போது எனக்கு இந்த யோசனையே வரவில்லை.

"போகாதுக்கா" என்றேன்.

"அப்ப இங்க ஆத்தா இல்லைங்கிற."

அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சிமெண்டில் நாங்கள் உருண்டு புரண்டிருக்கிறோம். அம்மா இறப்பதற்கு முந்தைய வெள்ளிகூட அங்கேதான் விளக்குப் போட்டாள்.

"பயமா இருக்குடி" என்றாள் அக்கா. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "வியாழக்கெழம மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சிருவாங்க. முழிப்பனோ மாட்டனோ. அதுக்கு முன்னால இந்தப் பாலு அவகிட்ட போய்ச் சேரணும். எங்க ஊத்துனா சேரும்னு மட்டும் சொல்லு."

"புதுக் கோயிலுக்குப் போலாம்க்கா. நா ஓட்டுறேன்."

என் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவள் வண்டியை எடுத்தேன். அவள் குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பாதையில் எங்களுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஆடி அசைந்து போனது. முந்த இடமில்லை. பள்ளத்தில் விட்டால் "மெதுவா போடி, சிந்துது" என்பாள். மெதுவாகப் போனால் "என்னா, மாட்டு வண்டியா ஓட்டுற?" என்பாள். நான் ஹாரனை அடித்து அடித்துக் கை வலிக்க, லாரிக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கும்பிடு போட்டார்.

போய்ச் சேர்ந்தபோது மேளம் நின்றிருந்தது. கூடாரத்தில் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. அபிஷேகம் முடிந்து, அலங்காரம் ஆகி, அம்மன் பட்டுப் புடவையிலும் எலுமிச்சை மாலையிலும் இருந்தாள். பூசாரி அக்காவையும் குடத்தையும் பார்த்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"அலங்காரம் ஆயிருச்சும்மா. இனிமே ஆத்தா மேல பாலு ஊத்த முடியாது. வெளிய சூலத்துக்கு ஊத்திருங்க."

நான் சண்டைக்குப் போனேன். திரையைப் போடுங்கள், மாலையைக் கழற்றுங்கள், ஒரு குடம் ஊற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காதான் என்னை அடக்கினாள்.

"விடுடி. வெளிய ஊத்தத்தான் இவ்ளோ தூரம் தூக்கிட்டு வரணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்று குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் பரிமாறுகிற கரண்டியோடு ஓடி வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டார், சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சூலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சூலத்துக்கே ஊத்துமா. பிடிமண்ணு அங்கதான் இருக்கு."

"கருவறைக்கு அடியில இல்ல?" என்றேன்.

"எங்க விட்டான் அந்தக் கண்ட்ராக்டர்? நாங்க மண்ண எடுத்துட்டு வாறதுக்குள்ள பீடத்துக்குக் கான்கிரீட் போட்டுட்டான். மழ வருதுன்னு அவசரப்பட்டுட்டான். என் மடியில வெச்சுக் கொண்டாந்த மண்ணு, எங்க போடுறதுன்னு தெரியல. சூலத்துக்குக் குழி தோண்டியிருந்துச்சு. அதுல போட்டு மூடிட்டோம். வெளிய சொன்னா ஆளாளுக்குப் பேசுவாங்கன்னு விட்டுட்டேன்."

"நெசமாவாண்ணே?" என்றாள் அக்கா.

"என் கையாலதான்மா போட்டேன்."

அக்கா சூலத்தடிக்குப் போனாள். குடத்தைச் சாய்க்கும்போது கை ஒத்துழைக்கவில்லை. நான் அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன், நெத்திலி தின்ற கையாலேயே. இந்தத் தடவை தொடாதே என்று சொல்லவில்லை. பால் இரும்பில் வழிந்து, எலுமிச்சம்பழங்களை நனைத்து, அடியில் சிமெண்டு பூசாமல் விட்டிருந்த வட்டத்தில் இறங்கியது. கடைசிச் சொட்டு உள்ளே போகும்வரை அவள் நகரவில்லை. பிறகு காலிக் குடத்தை என்னிடம் நீட்டி, "பசிக்குதுடி" என்றாள்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூடாரத்திலேயே மடிக்கணினியைத் திறந்து அந்தக் குறியைப் பிடுங்கி எறிந்தேன். அதற்குப் பதில் என்ன ஒட்டுவது என்று அந்தச் சொல்தொகுதி முழுக்கத் தேடினேன். கிளை என்று இருக்கிறது. ஒன்றின் பகுதி இன்னொன்று என்று இருக்கிறது. சட்டப்படியான பெயர், வேறு பெயர் எல்லாம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பிடி மட்டும் இங்கே இருக்கிறது என்பதற்கு எதுவும் இல்லை. கடைசியில் புதுக் கோயிலுக்கு வரைபடத்தில் தனியாக ஒரு புள்ளி வைத்தேன். பழைய இடத்தைப் பற்றி இயந்திரத்திடம் ஒன்றும் சொல்லாமல், படிக்கிற மனிதர்களுக்காகப் பக்கத்தின் மேலேயே பச்சைத் தமிழில் எழுதினேன்: "தோட்டத்துக்குள் போகாதீர்கள், கோயில் ரோட்டோரம் இருக்கிறது, பிடிமண் சூலத்தடியில் இருக்கிறது." தலைவர் படித்துவிட்டுக் கொஞ்சம் நெளிந்தார். அழிக்கச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஜொகூர் மருத்துவமனையில், அவளை உள்ளே கொண்டுபோனதிலிருந்து வெளியே கொண்டுவரும்வரை நான் நடந்துகொண்டே இருந்தேன். உட்காருங்கள் என்று நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் அதட்டிப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார். சாயங்காலம் வார்டுக்கு மாற்றினார்கள். அக்கா கண்ணைத் திறந்து, என்னைத் தேடிப் பிடித்து, வறண்ட வாயால் ஏதோ கேட்டாள். குனிந்தேன்.

"அத மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்க்கா."

"இன்னொருத்தி குடத்தோட அங்க நிக்கக் கூடாது. கை இன்னும் வலிக்குதுடி."

சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் விழிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.